ஏழாவது ஹோலில் மச்சான் வெட்டிய குழி

ஆர்ட்மரன்,
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மச்சான் லாக்லன் அவர்களுக்கு,

அத்தான் நினியன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் இடுப்பு வலியும் எடின்பரோவில் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல். இங்கே நான் நலம். நாய் பிராம்பிள் நலம். தங்கள் அக்காள் எல்ஸ்பெத்தும் நலம்தான், தங்கள் பெயரை யாரும் எடுக்காத வரைக்கும். கடல் வழக்கம்போல் குளிர்ந்து கிடக்கிறது, காற்று வழக்கம்போல் கூரை ஓட்டைப் பிடித்து ஆட்டுகிறது, மற்றபடி ஊரில் எல்லோரும் சௌக்கியம்.

எல்ஸ்பெத் பிராம்பிளைக் கூட்டிக்கொண்டு உலாவப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் இதை எழுதி, உறையில் போட்டு, ஒட்டியும் ஆக வேண்டும். போனில் பேசலாமே என்று தாங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் போன் கூடத்தில் இருக்கிறது, எல்ஸ்பெத்தின் காது வீடு முழுக்க இருக்கிறது. அதனால்தான் கடிதம். இன்னொன்று, இந்தத் "தாங்கள்" எனக்குக் கட்டுப்படியாகவில்லை. அந்தச் சொல்லைப் போட்டுக்கொண்டே கோபப்பட முடியவில்லை. இனி நீ என்றே எழுதுகிறேன். நீ செய்து வைத்த காரியத்துக்கு அதுவே அதிகம்.

விஷயம் இதுதான். நாளை மறுநாள், வியாழக்கிழமை, கோல்ஃப் கிளப்பில் கூட்டம். ஏழாவது ஹோலில் பந்தை மாட்டவைக்க நீ வெட்டிய மணற்குழியை மூடுவதா, வைத்திருப்பதா என்று ஓட்டெடுக்கப் போகிறார்கள். எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரிபாதி நிற்கிறது. புல்வெளிக் குழுவின் தலைவன் என்பதால் கடைசி ஓட்டு என்னுடையது. அந்த ஓட்டை எந்தப் பக்கம் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை தெரிந்திருந்தது. இன்று காலை கஞ்சி குடித்த பிறகு மறுபடியும் தெரியாமல் போய்விட்டது.

நான் எப்படித் தலைவன் ஆனேன் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் கிளப்பில் பதவிக்கு யாரும் போட்டியிடுவதில்லை. ஆண்டுக் கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர் தலையில் பதவி விழும். அதற்குப் பயந்துதான் காய்ச்சல்காரர்கள்கூட அன்று போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காருகிறார்கள். அன்று எனக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கும் நாள். பல்லைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் கிளப் கேப்டன் முங்கோ, கறிக்கடை முங்கோதான், விஸ்கி பாட்டிலோடு நிற்கிறான்.

"வாழ்த்துகள் நினியன். இனிமே புல்லு, மணலு, முயலு எல்லாம் உன் பொறுப்பு. சம்மதம்தானே?"

வாய் மரத்துக் கிடந்ததால் ஒரு வார்த்தையும் வரவில்லை. வலி தாங்காமல் தலையை ஆட்டினேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டான். ஆயுசு முழுக்க மருந்துக்கடைக் கவுன்டருக்குப் பின்னால் நின்று, வந்தவர்கள் சொன்ன வியாதிக்கெல்லாம் தலையாட்டியே பழகியவன் நான். இப்போது ஊரே என்னிடம் வந்து சொல்கிறது, நானும் எல்லோருக்கும் ஆட்டிக்கொண்டிருக்கிறேன். கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொல்வதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

நீ வந்து குழி வெட்டுவதற்கு முன்னால் ஏழாவது ஹோல் எவ்வளவு சாதுவாக இருந்தது என்று நினைத்துப் பார். ஒரு அடி, கொஞ்சம் நடை, இன்னொரு அடி, அதோ கொடி. அந்த நடையில்தான் எல்லோரும் சாண்ட்விச்சைப் பிரிப்போம். ஊர் ஊராகக் கோல்ஃப் மைதானம் வரைந்து கொடுப்பவன் நீ, போன குளிர்காலத்தில் இங்கே வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாய். நான் பக்கத்தில் நின்றேன். நீ சொன்னது ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது.

"அத்தான், இந்த ஹோல் ஆடுறவன்கிட்ட ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது."

"கேக்காட்டி நல்லதுதானேப்பா."

"இல்லத்தான். ஒரு நல்ல ஹோல்னா ஒரு கேள்வி கேக்கணும். தைரியமா நடுவுல அடிக்கப் போறியா, இல்ல பத்திரமா ஒதுங்கிப் போறியான்னு."

நான் உடனே தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. வாரம் முழுக்க எல்ஸ்பெத் கேட்கிறாள், வரி ஆபீஸ் கேட்கிறது, டாக்டர் கேட்கிறார். சனிக்கிழமை ஒரு நாளாவது யாரும் எதுவும் கேட்காத இடத்துக்குப் போகலாம் என்றுதான் மனிதன் மட்டையைத் தூக்குகிறான். அங்கேயும் மண்ணைத் தோண்டிக் கேள்வி கேட்டால் எங்கே போவான்?

நீயோ கூலி வேண்டாம், பிறந்த ஊருக்கு என் பரிசு என்று சொல்லிவிட்டாய். முங்கோவும் பார் நிறைய ஆள் இருக்கும்போது கிளாஸைத் தூக்கி, "லாக்லன் சம்மதம் இல்லாம இதுல ஒரு புல்லைக்கூட அசைக்க மாட்டோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். ஆர்ட்மரனில் பாரில் கொடுத்த வாக்கை மீறியவனுக்கு அப்புறம் அந்த பாரில் யார் ஊற்றுவார்கள்? அதனால்தான் இன்று உன் காலில் வந்து விழ வேண்டியிருக்கிறது. கால் என்றதும் கோபித்துக்கொள்ளாதே, இடுப்பு வலிக்காரனிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

குழி என்றால் குழியா அது? புல்கட்டிகளைச் செங்கல்போல் அடுக்கிக் கட்டிய சுவர், உள்ளே இறங்கினால் என் தொப்பி மட்டும்தான் வெளியே தெரியும். நம் ஊரில் மணற்குழி ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டே, இதற்கும் வைத்துவிட்டார்கள். "லாக்லனின் வாய்." இரண்டும் மூடுவதில்லையாம். நான் வைக்கவில்லை, சிரிக்க மட்டும் செய்தேன்.

சரி, ஜூன் மாதத்துக்கு வருகிறேன். வந்துதான் ஆக வேண்டும். பெண்களுக்கான வெள்ளி ஹெரிங் மீன் கோப்பை. எத்தனையோ வருடம் இரண்டாவதாகவே வந்தவள் உன் அக்காள், அந்தத் தடவை கடைசி நாள் ஏழாவது ஹோல் வரை எல்லோருக்கும் முன்னால் நிற்கிறாள். அந்த வெள்ளி மீனை வைக்க அடுப்புக்கு மேலே இருந்த என் அப்பா படத்தைக்கூட முதல் நாளே கழற்றி வைத்துவிட்டாள். நல்ல அடிதான் அடித்தாள். பந்து நடுவில் விழுந்தது, நின்றும்விட்டது. அப்புறம் என்ன நினைத்ததோ, நீ தரையை லேசாகச் சரித்து வைத்திருக்கிறாயே, அந்தச் சரிவில் யாரோ டீ குடிக்கக் கூப்பிட்டதுபோல் மெல்ல மெல்ல நடந்து போய்க் குழிக்குள் இறங்கிவிட்டது.

பந்து உள்ளே விழுந்த அந்த நேரத்தில் நீ கைதட்டினாய், மச்சான்.

எனக்குத் தெரியும், நீ அவளுக்கு எதிராகத் தட்டவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாருங்க அத்தான், வரைஞ்ச மாதிரியே போகுது" என்று குழந்தைபோல் குதித்தாய். ஆனால் நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் உன் இரண்டு கை மட்டும் சத்தம் போட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் குழிக்குள் இறங்கினாள். வெளியில் இருந்து எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மணல்தான். ஒரு வீச்சு மணல், அப்புறம் இன்னொரு வீச்சு மணல். பந்து மட்டும் வரவே இல்லை. கோப்பை பாதிரியாரின் மனைவிக்குப் போனது, அவள் கடவுளுக்கு நன்றி சொன்னாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் எல்ஸ்பெத் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"அந்தக் குழி இருக்கிற வரைக்கும் லாக்லன் இந்த வாசப்படி ஏறக் கூடாது."

அன்றிலிருந்து இன்று வரை உன் பெயர் இந்த வீட்டில் இல்லை. தவிர்க்க முடியாமல் சொல்ல வேண்டி வந்தால் "எடின்பரோ ஆள்" என்கிறாள்.

குழியை மூடிவிடுவோம், தொல்லை விட்டது என்று நானும் கிளம்பினேன். முதலில் முங்கோவிடம் போனேன். அவன் மூட வேண்டும் என்றான், நான் தலையாட்டினேன். மறுநாள் கிளாஸ்கோவிலிருந்து வந்த நாலு பேர் அந்தக் குழிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்ததும் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மூடக் கூடாது என்றான்.

"ஏம்ப்பா, ஒரு வழிக்கு வா. இருக்கணுமா, வேண்டாமா?"

"வெளியூர்க்காரன் ஆடுறப்ப இருக்கணும் நினியன். நான் ஆடுறப்ப இருக்கக் கூடாது. தலைவர்தானே நீ, யோசிச்சு ஒரு ஏற்பாடு பண்ணு."

நானும் ஒரு வாரம் யோசித்தேன். பெரிய மூடி ஒன்று போட முடியுமா என்றுகூட ஆசாரியிடம் கேட்டேன். அவர் என் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

அடுத்து வாட்டி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற வாட்டிதான், முழங்கால் இரண்டும் மாற்றியவர். பந்து எடுக்க உள்ளே இறங்கியவரால் ஏறி வர முடியவில்லை. பின்னால் ஆடிய நாங்கள் போய்ப் பார்த்தால் மனிதர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பிளாஸ்கைத் திறந்து பருப்பு சூப் குடித்துக்கொண்டிருக்கிறார்.

"கையக் குடுங்க வாட்டி, தூக்கி விடுறோம்."

"அவசரம் இல்லப்பா. இந்த ஊர்ல பொறந்து இத்தனை வருஷம் ஆச்சு, காத்து அடிக்காத ஒரு இடத்துல இன்னைக்குத்தான் உக்காந்திருக்கேன்."

மறுவாரம் அவரோடு இன்னும் இரண்டு கிழவர்கள். நம் முன்னோர் காலத்தில் செம்மறி ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கிப் படுத்துத்தான் இந்த மணற்குழிகளே உண்டாயின என்று நீ சொல்வாயே, அதே வேலையை இப்போது இவர்கள் பார்க்கிறார்கள். பின்னால் பத்துப் பேர் மட்டையோடு காத்து நிற்க, உள்ளேயிருந்து பிஸ்கட் வாசனை வருகிறது. வாட்டியிடம் ஓட்டு யாருக்கு என்று கேட்டேன். ஆடுகிற வாட்டி மூடச் சொல்கிறாராம், உட்காருகிற வாட்டி ஒரு பெஞ்சு போடச் சொல்கிறாராம். எந்த வாட்டி கூட்டத்துக்கு வருவார் என்பது அன்றைய முழங்கால் வலியைப் பொறுத்தது.

ஆகஸ்டில் கிளப்பிலிருந்து ரகசியமாக உனக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீ சாவகாசமாகச் சொன்னாய்.

"அத்தான், எல்லாரும் நேராவே அடிச்சா நான் என்ன பண்ணட்டும்? இடது பக்கம் கடலோரமா அழகா ஒரு வழி வச்சிருக்கேன். யாராவது போய்ப் பாத்தீங்களா?"

போய்ப் பார்த்தேன் மச்சான். இடது பக்கம் அடித்தேன். காகிதத்தில் காற்று அடிப்பதில்லை என்பதை நீ மறந்துவிட்டாய். பந்து கடலோரம் வரை போய், அங்கே ஒரு வட்டம் அடித்து, ஊர்ப் பெண்கள் துணி காயப்போடும் கொடிக்குள் புகுந்துவிட்டது. புல்வெளியில் துணி காயப்போடும் உரிமை அவர்களுக்குக் கிளப்புக்கு முன்னாலிருந்தே இருக்கிறது, நாம் வாயைத் திறக்க முடியாது. பந்து பாதிரியாரின் கம்பளி உள்ளாடை ஒன்றின் காலுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. எடுக்கப் போனால் முங்கோ தடுக்கிறான், பந்து கிடக்கும் இடத்திலிருந்தே ஆட வேண்டுமாம், அதுதான் விதியாம். நான் மட்டையை ஓங்கியபோது பாதிரியாரின் மனைவி துணி எடுக்க வந்தாள். அந்த அம்மாள் இப்போது என்னைக் கண்டால் தெருவின் அடுத்த பக்கம் போய்விடுகிறாள்.

ஆடுகிறவர்களைக் கேட்டது போதும், புல்லைப் பார்ப்பவளைக் கேட்போம் என்று கிரியரிடம் போனேன். நம் புல்வெளியின் பொறுப்பு அவளுடையது, செம்பட்டை முடிக்காரி, புல்வெட்டும் வண்டியை நிறுத்தாமலே பேசுவாள். அவளுக்கு உன் மேலும் கோபம், எங்கள் மேலும் கோபம்.

"வரையிறவரு பென்சிலோட வீட்டுக்குப் போயிருவாரு. ஆடுறவங்க பந்தோட வீட்டுக்குப் போயிருவீங்க. இடிஞ்சு விழுற சுவரோட நான்தானே குடித்தனம் நடத்துறேன்."

"சுவர் ஏம்மா இடியுது?"

"தினம் காலைல எதுவோ உள்ள எறங்குது சார். மணல் பூரா வெளிய கெடக்குது, புல்லு மேல. சுவரு ஓரமெல்லாம் மிதிபட்டுக் கெடக்குது. வளை தோண்டுற பேட்ஜரா இருக்கும். இல்ல பேய்தான்."

"பேட்ஜர் மணலைச் சமப்படுத்திட்டுப் போகுமா? குப்பைவாரி இடம் மாறியிருக்கே."

"அதான் சார் எனக்கும் பயமா இருக்கு."

பேட்ஜரையும் திருப்திப்படுத்த முடியாது, முங்கோவையும் திருப்திப்படுத்த முடியாது என்று ஆனதும் நடுவழி ஒன்று கண்டுபிடித்தேன். மூடவும் வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம், சுவரில் மேல் இரண்டு வரிசைப் புல்கட்டியை மட்டும் எடுத்துவிட்டால் என்ன? உன் சம்மதம் வேண்டுமே என்று மனம் உறுத்தியது. அமைப்பை மாற்றினால்தான் சம்மதம் வேண்டும், இது வெறும் பராமரிப்பு என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். கிரியர் எடுத்துவிட்டாள். எல்ஸ்பெத் குளிர்ந்துபோவாள் என்று நினைத்து அன்று மாலை நானே விஷயத்தைச் சொன்னேன். அவள் கையிலிருந்த தட்டு மேசையில் இறங்கிய சத்தத்தில் பிராம்பிள் சோபாவுக்கு அடியில் போய்விட்டது.

"யாரு உங்களை அதைத் தொடச் சொன்னது?"

"நீதானே மூடணும்னு சொன்னே."

"மூடணும்னு சொன்னேன். குறைக்கணும்னு சொன்னேனா? போங்க, நாளைக்கே பழையபடி கட்டச் சொல்லுங்க."

மூட வேண்டும் என்கிறவள் குறைத்தால் ஏன் கோபப்படுகிறாள்? குறைப்பது மூடுவதில் பாதி இல்லையா? ஆறில் பாதி மூன்று என்பது இந்த வீட்டில் மட்டும் செல்லாது போலிருக்கிறது. மறுநாள் கிரியரிடம் போய்த் திரும்பவும் கட்டச் சொன்னேன். அவள் வண்டியை நிறுத்தினாள். அவள் வண்டியை நிறுத்தி நான் பார்த்தது அன்றுதான்.

இது போதாதென்று வீட்டுக்குள் மணல் வருகிறது. குளியல் தொட்டியில் மணல், கம்பளத்தில் மணல், போன வாரம் கஞ்சியில் பல்லில் கடிபட்டது, அதுவும் பிடுங்காமல் விட்ட பல்லில். கடற்காற்று ஜன்னல் இடுக்கு வழியாகக் கொண்டுவந்து போடுகிறது என்று ஆசாரியைக் கூப்பிட்டு எல்லா ஜன்னலையும் அடைத்தேன். மணல் நிற்கவில்லை, காற்றுதான் நின்றது. எல்ஸ்பெத்திடம் கேட்டால், "வயசானா கண்ணுல மணல் தெரியும்" என்கிறாள். பிராம்பிள் வயிற்றிலும் மணல் ஒட்டியிருக்கிறது, நாய்க்கும் வயதாகிறது என்று விட்டுவிட்டேன்.

உன்னிடம் மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். ஞாயிறு மாலை மட்டை எதுவும் எடுக்காமல் சும்மா அந்தப் பக்கம் நடந்தேன். வெயில் சாய்ந்து அடித்தது. உன் குழியின் சுவர் ஒரு பக்கம் பொன்னாகவும் ஒரு பக்கம் கறுப்பாகவும் நின்றது. நீ சரித்து வைத்த தரையின் நிழல் கடல் வரைக்கும் ஓடியது. இத்தனை வருடம் சாண்ட்விச் தின்றுகொண்டே கடந்து போன இடம் இதுதானா என்று மலைத்துப் போனேன். இதை மூடச் சொல்கிறவனுக்குக் கண்ணே இல்லை என்று தோன்றியது. திங்கட்கிழமை மட்டையோடு போனேன், பந்து உள்ளே விழுந்தது, அடிகளை எண்ணுவதை விட்டுவிட்டுப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இதை வெட்டியவனுக்கு நெஞ்சே இல்லை என்று தோன்றியது. இரண்டும் நான்தான். மட்டை இருந்தால் ஒருவன், இல்லாவிட்டால் இன்னொருவன். வியாழக்கிழமை இந்த இருவரில் யாரைக் கூட்டத்துக்கு அனுப்புவது?

கடைசியில் நான் வந்து சேர்ந்த முடிவு குழியைப் பற்றியதே அல்ல, புத்தாண்டைப் பற்றியது. எங்களுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து, நம் ஊர் வழக்கப்படி வருடம் பிறந்ததும் இந்த வாசலில் முதல் கால் வைப்பவன் நீதான். கறுப்பு முடி, கையில் நிலக்கரித் துண்டு, அந்த வருடம் முழுக்க வீட்டுக்கு நல்லது. உனக்கு நரைக்க ஆரம்பித்ததும் எல்ஸ்பெத்தே சாயம் வாங்கி வைத்து, சமையலறையில் உன்னை உட்காரவைத்துப் பூசிவிடுவாள். இந்த வருடம் அவள் கிரியரை வரச் சொல்லப் போகிறாளாம். முதல் காலுக்குச் செம்பட்டை முடி ஆகாது, பெண்ணும் ஆகாது, தெரிந்தேதான் சொல்கிறாள். ஆனால் அந்தச் சாயக் குப்பியைக் குளியலறை அலமாரியிலிருந்து அவள் இன்னும் தூக்கி எறியவில்லை. தினமும் பல் விளக்கும்போது அதைப் பார்க்கிறேன். எனக்கு உன் குழியைவிட அந்தக் குப்பிதான் தாங்க முடியவில்லை, மச்சான்.

ஆகவே சம்மதம் கொடுத்துவிடு. மூடிவிடுவோம். நீ உலகத்தில் வேறு எங்கு வேண்டுமானாலும் குழி வெட்டலாம், அக்காள் ஒருத்திதான். புதன்கிழமை மாலை கிளப் பாருக்குப் போன் செய், வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். முங்கோ எடுத்தால் புல் விதைக்காரன் என்று சொல். சம்மதம் என்றால் "விதை அனுப்பியாச்சு" என்று சொன்னால் போதும், நான் புரிந்துகொள்வேன். குழி மூடியதும் எல்ஸ்பெத் தானாக இறங்கி வருவாள். இதில் மட்டும் எனக்குக் குழப்பமே இல்லை.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், குழி வெட்டும் படிப்பைத் தவிர வேறு எது வேண்டுமானாலும். உன் இடுப்பு நேராகட்டும், உன் பந்துகள் எல்லாம் புல்லிலேயே விழட்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
அத்தான் நினியன்.

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். இப்போது கிழித்துத் திறந்து, ஏழாவது ஹோலில், உன் குழிக்குள் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வாட்டி சொன்னது உண்மை, இங்கே காற்றே இல்லை.

தபால் பெட்டிக்குப் போகும் வழியில் பிராம்பிள் குரைப்பது கேட்டது. நாய் புல்வெளி ஓரத்துச் சுவர்மேல் நிற்கிறது, எல்ஸ்பெத்தைக் காணவில்லை. பதறிப்போய் ஓடினேன். உன் குழிக்குள்ளிருந்து ஒரு வீச்சு மணல் மேலே வந்தது. கூடவே ஒரு பந்தும் வந்தது. நேராக எழும்பி, கொடிக்குப் பக்கத்தில் விழுந்து, நல்ல பிள்ளையாக நின்றது. பின்னாலேயே இன்னொன்று. அங்கே ஏற்கெனவே ஒரு வாளிப் பந்து கொடியைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. ஜூன் மாதத்திலிருந்து தினமும் காலையில் வருகிறாளாம். கிரியரின் பேட்ஜரைக் கண்டுபிடித்துவிட்டேன், அதனோடு எனக்குக் கல்யாணமாகி வெகுகாலம் ஆகிறது.

"எல்ஸ்பெத், மூடணும்னு சொன்னது நீதானே?"

"சொன்னேன். அப்ப எனக்கு வெளிய வரத் தெரியாது."

"இப்ப?"

"இப்ப யாராவது மண்வெட்டியோட இந்தப் பக்கம் வரட்டும், பாத்துக்கறேன். ஆனா உங்க மச்சான் வரைஞ்சதுல இடது பக்கம் தப்பு. சுவரு ரொம்பத் தாழ்வு, அங்கேருந்து ஈசியா வந்துருது. இன்னும் ஒரு அடி வேணும். ஹோல்னா கேள்வி கேக்கணும்பானே, அந்தப் பக்கமும் கேக்கட்டுமே."

அவள் கண் என் சட்டைப் பையில் இருந்த உறையைப் பார்த்துவிட்டது. இங்கே காகிதம் படபடக்காது, முழுவதும் படித்தாள். வாட்டி வரும்போது சிரித்தாள், பேட்ஜர் வரும்போது என்னை முறைத்தாள், நீ கைதட்டிய இடம் வந்ததும் சிரிப்பும் இல்லை, முறைப்பும் இல்லை. சாயக் குப்பி வந்தபோது மூக்கைச் சிந்தினாள், மணல் போய்விட்டதாம்.

ஆகையால் மேலே எழுதியது அத்தனையும் ரத்து. சம்மதம் வேண்டாம், விதை அனுப்ப வேண்டாம். வியாழக்கிழமை என் ஓட்டு குழிக்கு, இன்னும் ஒரு அடியோடு. கிரியரிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் தெரியவில்லை. நிலக்கரி கொண்டு வா. முடிக்குச் சாயம் இங்கே இருக்கிறது, அங்கே எதையும் பூசிக்கொண்டு வந்துவிடாதே.

உனக்கு ஏதாவது எழுத வேண்டுமா என்று அவளிடம் கேட்டேன். பந்தைக் காலுக்கு முன்னால் வைத்துக்கொண்டு, கொடியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அன்னைக்குக் கைதட்டினான்ல. வந்து இப்பத் தட்டச் சொல்லுங்க."